பிறை ஐந்து, சுபுஹுக்குப் பின்

22-12-1957, ஞாயிறு. பாம்பன்

பிறை தெரிந்துவிட்டது. சாயங்கால மஹ்ரிப் பாங்குக்கு முன்னாலேயே மாடி ஏறிவிட்டேன். பாலத்துக்கு மேலே, வெட்டிப்போட்ட நகத்துண்டு போல இருந்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பள்ளிவாசலிலிருந்து பாங்கு சொல்லும் மோதினார் ஆள் அனுப்பி, "ரம்ஜான் பீவி ராத்தா பாத்தாகளா?" என்று கேட்ட பிறகுதான் அவர்களுக்கு நிச்சயம். நாளை ஜமாதுல் ஆகிர் மாதம் முதல் பிறை. நாகூரில் கொடி ஏறியிருக்கும். காலண்டரில் 23ஆம் தேதித் தாளில் வட்டம் போட்டு வைத்தேன்.

காலையில் மேலத்தெருக்காரி ஒருத்தி மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறந்த தேதி கேட்கிறார்களாம். "நோன்பு பிறை இருவது, அசருக்குக் கொஞ்சம் முந்தி" என்கிறாள். எந்த வருஷம் என்றால், "பெரிய தோணி கவுந்துச்சே, அந்த வருசம்." பழைய காலண்டர்க் கட்டை அவிழ்த்து, வட்டத்திலிருந்து எண்ணி, இங்கிலீஷ் தேதியும் மணியும் எழுதிக் கொடுத்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் பிறையைத் தேதியாக்கவும், தொழுகை வேளையை மணியாக்கவும் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என் கையெழுத்துதான் போகிறது. நான் சொன்ன தேதி இதுவரை பிசகியதில்லை.

என் வீட்டுக்காரருக்கு இருமல் குறையவில்லை. மண்டபம் டாக்டர் கொடுத்த மருந்தைத் துப்பிவிட்டார்.

25-12-1957, புதன்

காற்று திரும்பிவிட்டது. தலைமன்னார் கப்பல் இன்று போகவில்லை. இலங்கையில் பெரிய வெள்ளம் என்று பேச்சு. என் சின்ன மகன் பாக்கர் அங்கே கற்பிட்டியில் கடை வைத்திருக்கிறான். படுக்கையில் கிடந்தபடி இவர் மூன்று தரம் கேட்டுவிட்டார்: "பாக்கரு தாக்கல் ஏதும் உண்டா?" இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கு வரும் என்றேன்.

பாக்கரின் பெண்டாட்டி நூர் நிஷா அடுப்படியில் அழுதுகொண்டே மீன் அரிகிறாள். அவனோடு அங்கே நாலு வருஷம் இருந்துவிட்டு, பிள்ளைகள் மலிகாவையும் ஹமீதையும் கூட்டிக்கொண்டு போன வருஷம்தான் இங்கே வந்தாள். அக்காள்மடத்து வலைக்காரர் மகள். கைநாட்டு. அவன் ஆசைப்பட்டான், கட்டிவைத்தோம். அழுதால் வெள்ளம் வடிந்துவிடுமா?

27-12-1957, வெள்ளி

அசர் பாங்கு முடியவில்லை, இவர் போய்விட்டார். என் காதர் மைதீன். அந்த நேரத்திலும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றே முக்கால்.

28-12-1957, சனி

காலையில் அடக்கம். மூத்தவன் சதக்கத்துல்லா தலைமாட்டில் தோள் கொடுத்தான். பாக்கருக்குத் தந்தி கொடுக்கப் போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். அக்கரையில் கம்பி அறுந்து கிடக்கிறதாம். பெற்ற மகனுக்குத் தெரியாமலே தகப்பன் மண்ணுக்குள் போய்விட்டார்.

நான் இத்தா இருக்க உட்கார்ந்தாயிற்று. நாலு மாதமும் பத்து நாளும். வெள்ளைத் துணி. வாசல் தாண்டக் கூடாது. எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

8-1-1958, புதன்

கற்பிட்டியிலிருந்து கடிதம். எல்லாரும் கேட்கும்படி நான்தான் படிக்க ஆரம்பித்தேன். பாதியில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். மீதியைச் சதக்கத்துல்லா வாங்கிப் படித்தான்.

"தங்கள் மகன் பாக்கர் விஷக்காய்ச்சல் கண்டு, ஜமாதுல் ஆகிர் பிறை ஐந்து, சுபுஹுக்குப் பின் மவுத்தானார். வெள்ளத்தால் தந்தி கொடுக்க வழியில்லை. இங்கேயே நல்லடக்கம் செய்தோம்." எழுதியவர் அங்குள்ள பள்ளிவாசல் லெப்பை. பெரியபட்டினத்துக்காரர், நம் கரை ஆள்.

நூர் நிஷா கத்தவில்லை. "பிள்ளைகளுக்கு இன்னும் சோறு போடலையே" என்று எழுந்து அடுப்படிக்குப் போனாள். அங்கே போய்த்தான் விழுந்தாள்.

பிறை ஐந்து. என் கை தானாகவே காலண்டரைத் தேடியது. வட்டம் போட்டது இருபத்து மூன்றில். அதிலிருந்து ஐந்தாவது தாள் வெள்ளிக்கிழமை. சுபுஹுக்குப் பின் என்றால் விடிகாலை ஐந்தரை, ஆறு. இவர் போனதும் அதே வெள்ளிதான். ஒரே பகலில் காலையில் மகன், மாலையில் தகப்பன். இவர் "தாக்கல் உண்டா" என்று கேட்டுக்கொண்டு கிடந்தபோது பிள்ளை அங்கே— யா அல்லா, நான் என்ன செஞ்சேன் உனக்கு?

10-1-1958, வெள்ளி

துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள், யார் முந்தி என்று. மகன் முந்தி என்கிறேன். "தகப்பன் காதுக்கு எட்டாமப் போச்சே, அதுவும் அல்லாவோட ரஹ்மத்துதான்" என்கிறார்கள். சொல்லிச் சொல்லி எனக்கே அது ஒரு ஆறுதலாகிவிட்டது.

சாயந்திரம் சதக்கத்துல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். என் கால்மாட்டில் அவன் உட்கார்ந்து எத்தனையோ வருஷம். "உம்மா, தம்பி மவுத்தான தேதியும் மணியும் இங்கிலீஷ்ல ஒரு தாள்ல எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கற்பிட்டிக் கடை விசயமாக் கேப்பாங்க. உங்களை விட்டா யாரு இருக்கா இதுக்கு?"

எழுதிக் கொடுத்தேன். 27-12-1957, காலை ஆறு மணி. கையெழுத்து அழகாகவே விழுந்தது.

24-1-1958, வெள்ளி

ஒரே அறையில் இரண்டு வெள்ளைத் துணி. மாமியாருக்கும் இத்தா, மருமகளுக்கும் இத்தா. அவள் பாயில் அவள், என் பாயில் நான். ஹமீது மட்டும் நடுவில் உருள்கிறான். மூன்று வயது. வாப்பா கப்பலில் வருவார் என்று சொல்லி வைத்திருக்கிறாள். பொய் சொல்லாதே என்றேன். "நீங்க உண்மையச் சொல்லுங்க மாமி, உங்களுக்கு நல்லா வரும்" என்றாள். எவ்வளவு திமிர்.

9-2-1958, ஞாயிறு

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா போன வாரம் முடிந்தது. இன்று பங்கு பேச ஜமாஅத்துப் பெரியவர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். நானும் நூர் நிஷாவும் திரைக்கு உள்ளே. இந்த வீடும் இரண்டு தோணியும். சதக்கத்துல்லா சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான். நான் எழுதிக் கொடுத்த தாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"தகப்பன் உசிரோட இருக்கையில மகன் மவுத்தானா, அந்த மகனோட பிள்ளைகளுக்குப் பாட்டன் சொத்துல பாத்தியதை இல்லை. இந்தச் சட்டம் நான் போட்டதில்லை."

தம்பி என்றுகூடச் சொல்லவில்லை. அந்த மகன் என்றான்.

ஜமாஅத்துத் தலைவர் திரைப்பக்கம் திரும்பினார். "ராத்தா, இந்தத் தேதி உங்க கணக்குதானே?"

நூர் நிஷா என் மணிக்கட்டைப் பிடித்தாள். காதோடு சொன்னாள்: "மாமி, அங்கன பிறை வேற. சில வருசம் நோன்பே அங்கன ஒரு நாள் பிந்தித்தான் வரும். நான் நாலு வருசம் பாத்திருக்கேன். லெப்பைக்கு எழுதி, என்ன கெழமைன்னு கேட்டுட்டுச் சொல்லுவோம் மாமி. உங்க காலைப் புடிக்கிறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? வெளியே இருக்கிறவர்கள் காதிலும் விழும்படி சொன்னேன்: "உங்கப்பனுக்கு ஒரு பிறை, எங்கப்பனுக்கு ஒரு பிறைன்னா அல்லா படைச்சிருக்கான்? எழுதினவரு நம்ம கரைக்காரரு, நம்ம பிறையத்தான் எழுதுவாரு. கைநாட்டு வைக்கிறவ எனக்குத் தேதி சொல்ல வந்துட்டா."

வெளியே யாரோ சிரித்தார்கள்.

"உம்மா சொன்னாச் சொன்னதுதான்," என்றான் சதக்கத்துல்லா.

திரைக்கு அடியில் பங்குத் தாளைத் தள்ளினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவள் மை தொட்டுப் பெருவிரலை வைத்தாள். பிறகு அந்த மையை வெள்ளைத் துணியிலேயே துடைத்துக்கொண்டாள்.

10-2-1958, திங்கள்

தேதி சரி. தேதி சரிதான். நான் பங்கா சொன்னேன்? தேதிதானே சொன்னேன். பேரப்பிள்ளைகள் என்பதற்காக வெள்ளியைச் சனியாக்கவா முடியும்? அப்புறம் ஏன் நெஞ்சில் முள் கிடக்கிறது?

மலிகா சிலேட்டோடு வந்து, "வாப்பும்மா, கணக்கு சரியா பாருங்க" என்றாள். பார்க்கவில்லை.

23-4-1958, புதன்

எங்களுக்கு முந்தாநாள் பெருநாள். கப்பலில் வந்தவர்கள் சொல்கிறார்கள், அக்கரையில் மேகமாம், அங்கே நேற்றுத்தான் பெருநாளாம். கேட்டும் கேளாதது போல இருந்தேன். நூர் நிஷா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசியிருக்கலாம்.

5-5-1958, திங்கள்

என் இத்தா இன்றோடு முடிந்தது. இருவர் மவுத்தும் ஒரே நாள்தான், ஆகவே அவளுக்கும் முடிந்தது. குளித்துவிட்டு வா என்றேன்.

"எனக்கு நாளைக்கித்தான் மாமி."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? அந்த வாரம் அங்கன மழை. மழையில பிறை எப்படித் தெரியும்? முப்பது முடிச்சிருப்பாக. அவுக சனிக்கெழமைதான் போனாக."

எழுத்தும் தெரியாது, கணக்கும் தெரியாது, பிடிவாதம் மட்டும். நாள் முழுவதும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மட்டும் வெளிவாசலுக்குப் போய் நின்றேன். வெயில் கண்ணைக் குத்தியது.

7-5-1958, புதன்

அவளும் பிள்ளைகளும் அக்காள்மடம் போய்விட்டார்கள், அவள் தம்பி குடிசைக்கு. ஹமீது "கப்பலுக்கா போறோம்?" என்று கேட்டான். அவர்கள் இருந்த அறையில் சதக்கத்துல்லா மாலைக்குள் பாயும் கயிறும் கொண்டு வந்து அடைத்துவிட்டான். தோணிச் சாமான் வைக்க இடம் போதவில்லையாம்.

18-6-1958, புதன்

இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

மத்தியான லுஹருக்கு முன் நூர் நிஷா வந்தாள். வாசற்படியைத் தாண்டவில்லை. கையில் பிரித்த கடிதம். "மலிகாவ விட்டு லெப்பைக்கு எழுதச் சொன்னேன் மாமி. பதில் வந்திருக்கு. மலிகா படிச்சுச் சொல்லிட்டா. இருந்தாலும் அஞ்சாம் வகுப்புப் படிச்சவுக ஒரு தரம் படிக்கட்டுமேன்னு எடுத்தாந்தேன்."

வாங்கினேன்.

"சத்தமாப் படிங்க. நாங்க கைநாட்டு."

படித்தேன். "அந்த மாதம் இங்கே விடாத மழை. பிறை தெரியாததால் முப்பது நாள் பூர்த்தி செய்து, செவ்வாய்க்கிழமையை முதல் பிறையாக வைத்தோம். உன் வாப்பா மவுத்தானது சனிக்கிழமை காலை. நான் எந்த ஊர் ஆளாக இருந்தாலும், இந்த ஊரில் இருந்து எழுதும்போது இந்த ஊர்ப் பிறையைத்தானே எழுத வேண்டும் மகளே."

சனிக்கிழமை காலை. இங்கே நாங்கள் இவரை அடக்கம் செய்த காலை. வெள்ளி மாலையிலிருந்து சனி விடியும் வரைக்கும் என் மகன் உயிரோடு இருந்திருக்கிறான். தகப்பன் இல்லாத மகனாக, தகப்பன் சொத்துக்குப் பாத்தியப்பட்ட மகனாக. ஓர் இரவுதான். அந்த ஓர் இரவில் இருந்தது பிள்ளைகளுடைய வீடும் தோணியும்.

"செவ்வாக்கெழமைன்னுதானே இருக்கு?" என்றாள்.

"ஆமா."

"சனிக்கெழமைன்னுதானே இருக்கு?"

"ஆமாம்மா."

கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

19-6-1958, வியாழன்

சதக்கத்துல்லாவிடம் சொன்னேன். சோற்றுத் தட்டிலிருந்து தலை நிமிரவில்லை.

"அன்னைக்கி வெள்ளின்னீக. இன்னைக்கி சனிங்கிறீக. நாளைக்கி ஞாயிறும்பீகளா?"

"ஏலே, அது உன் தம்பி பிள்ளைக."

"தாள்ல எழுதினது நான் இல்லை உம்மா."

"உனக்கு அப்பவே தெரியுமா?"

கையைக் கழுவினான். துண்டில் துடைத்தான். "அந்த வாரம் அக்கரையில மழைன்னு ஊருக்கே தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். 25ஆம் தேதி என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன், வெள்ளம் என்று. மேலே இருக்கிறது, திருப்பிப் பார்த்தேன். வெள்ளம் என்று எழுதத் தெரிந்தவளுக்கு மேகம் என்று நினைக்கத் தெரியவில்லை.

22-6-1958, ஞாயிறு

பர்தாவைப் போட்டுக்கொண்டு தலைவர் வீட்டுக்கே போனேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் தாங்கவில்லை.

"ராத்தா, இது கேட்டு வாங்குன கடிதம். ஆறு மாசம் கழிச்சு வந்திருக்கு. பேரப்பிள்ளைக மேல உள்ள பாசத்துல தேதியத் திருப்புறீகன்னு நாலு பேரு பேசுவான். நீங்க தேதி சொன்னாப் பிசகாதுன்னு ஊரே சொல்லும். அதுனாலதானே நாங்க வேற யாருகிட்டயும் கேக்கலை? ஒப்புக்கலைன்னா ராமநாதபுரம் கோர்ட்டு இருக்கு."

வலைக்காரர் மகள் கோர்ட்டுக்குப் போவாளா? அங்கே முதலில் எடுத்துக் காட்டுவது என் கையெழுத்தைத்தானே?

என்னை நம்பியதால்தான் இவ்வளவும். நான் ஒன்றும் தெரியாதவளாக இருந்திருந்தால் யாராவது கிழமை கேட்டு எழுதியிருப்பார்கள்.

25-6-1958, புதன்

காலண்டர்க் கட்டை அவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷத்து வட்டங்கள். அக்கரையில் பிறந்த பிள்ளைகளுக்கும் இந்த மாடியில் நின்று பார்த்த பிறையிலிருந்துதான் எண்ணிக் கொடுத்திருக்கிறேன். ஹமீது கற்பிட்டியில் பிறந்தவன். அவன் பிறந்த தேதியையும் நான்தான் எழுதினேன். அது சரியா? யாருக்குத் தெரியும். எந்த வருஷம் என்று கேட்டேன், எந்த வேளை என்று கேட்டேன். எந்த ஊர்ப் பிறை என்று ஒருத்தரையும் ஒருநாளும் கேட்கவில்லை. பெரிய தேதிக்காரி.

11-7-1958, வெள்ளி. அக்காள்மடம்

ஜும்ஆவுக்கு ஆண்கள் போன நேரத்தில் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். துணி மூட்டை, இந்த நோட்டு, குர்ஆன். காலண்டர்க் கட்டை எடுக்கவில்லை.

நூர் நிஷா வலை உலர்த்திக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. வீட்டிலும் தோணியிலும் எனக்கு வந்த பங்கை மலிகா பேரிலும் ஹமீது பேரிலும் எழுதிக் கொண்டுவந்திருந்தேன். நீட்டினேன்.

"அது உங்க பங்கு மாமி. இதுகளுக்கு இதுக வாப்பா பங்கு இருக்கு."

"அதைத்தான் வாங்க முடியலையே."

"முடியலைன்னா இல்லைன்னு ஆயிருமா?" வலையை இழுத்துக் கட்டினாள். "அங்கன தாழ்வாரத்துல பாய் கெடக்கு. வெயிலு படாம உக்காருங்க."

தாளைக் கூரைச் செருகலில் வைத்தேன். அவள் எடுக்கவும் இல்லை, எறியவும் இல்லை.

3-9-1958, புதன்

இங்கே யாரும் என்னிடம் தேதி கேட்பதில்லை. நல்லது.

30-10-1958, வியாழன்

இன்று கருவாடு உப்புப் போட்டேன். கை வெந்துவிட்டது. "நீங்க செய்ய வேணாம்" என்றாள். அதில் இரக்கம் இருந்ததா, வெறுப்பு இருந்ததா என்று தெரியவில்லை. செய்துகொண்டே இருந்தேன்.

சதக்கத்துல்லா கோயில் வாடிப் பக்கம் போகும்போது சைக்கிளில் இந்த வழியாகத்தான் போகிறான். பார்க்காதது போல மணியை அடித்துக்கொண்டு போகிறான்.

12-12-1958, வெள்ளி

மலிகா ஓடிவந்து, "வாப்பும்மா, பிறை!" என்றாள். அவளே பார்த்தாளா என்று கேட்டேன். அவளும் பார்த்தாளாம், அவள் உம்மாவும் பார்த்தாளாம். எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. அவர்கள் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

17-12-1958, புதன். அக்காள்மடம்

பிறை ஐந்து. இந்தக் கரைப் பிறை.

இன்று அசருக்குப் பின் இவருக்கு ஆண்டு ஃபாத்திஹா. குடிசையிலேயே ஓதினோம். நூர் நிஷா சேர்த்து வைத்திருந்த கைப்பிடி அரிசியைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியை மட்டும் ஆக்கியிருந்தாள்.

பெரிய வீட்டில் இன்றைக்கே இரண்டையும் முடித்துவிட்டார்களாம். காலையில் பாக்கருக்கு, மாலையில் தகப்பனுக்கு. சதக்கத்துல்லா தோணி ஆளிடம் இரண்டு தட்டு நெய்ச்சோறு கொடுத்தனுப்பியிருந்தான். இது பெரியவர் சோறு, இது பாக்கர் சோறு என்று அந்த ஆள் காட்டினான்.

நூர் நிஷா பெரியவர் தட்டை இரண்டு கையாலும் வாங்கி உள்ளே வைத்தாள். மற்றதை அவன் பக்கமே தள்ளினாள்.

"ஏன் மதினி, நம்ம பாக்கரு அண்ணன் சோறுதானே?"

"கொண்டு போங்க. எங்க வீட்டு ஆளு இன்னைக்கி உசிரோட இருக்காக. நாளைக்கி சுபுஹுக்கு அப்புறந்தான் போவாக."

அவன் முழித்தான். பிறகு என் பக்கம் திரும்பினான். தேதி என்றால் எல்லாரும் இந்தப் பக்கம்தானே திரும்புவார்கள்.

"அவ சொன்னாச் சொன்னதுதான்," என்றேன்.